கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மரு எதனால் வருகிறது?

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 37, திருப்பூர் பக்கம், ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாகக் கழுத்தைச் சுற்றித் தோல் சின்னச் சின்னதாகத் தொங்குகிறது. முதலில் கடுகளவில் ஒன்றே ஒன்று, தாலிக்கொடி படுகிற இடத்தில் வந்தது. இப்போது கண்ணாடி முன்னால் நின்று எண்ணினால் கழுத்தில் 14, வலது அக்குளில் 5, இடது கண் இமை ஓரத்தில் ஒன்று. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, கொடியில் மாட்டி இழுபட்டால் மட்டும் சுரீர் என்கிறது. அம்மா மரு என்கிறார், அத்தை பாலுண்ணி என்கிறார், பார்லர் பெண் ஸ்கின் டேக் என்கிறாள், 2000 ரூபாய் கொடுத்தால் ஒரே நாளில் சுட்டு எடுத்துவிடுவாளாம்.

எடுப்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏன் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். வீட்டில் இது ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி என் துண்டு, தலையணை எல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள். ஏழு வயது மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அத்தை அவளைப் பிடித்து இழுக்கிறார், குழந்தை முகம் சுண்டிப்போகிறது. இது பரவுகிற நோயா? நாளைக்குப் புற்றுநோயாக மாறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குத்தறி:

நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள், தாலிக்கொடி படுகிற இடத்தில்தான் முதலில் வந்தது என்று. உரசல்தான். எனக்கும் சட்டைக் காலர் படுகிற இடத்தில் நாலைந்து இருக்கிறது. என் மச்சானுக்குத் தொடை இடுக்கில். தோலும் தோலும் உரசுகிற இடம், நகை உரசுகிற இடம், வியர்வை தேங்குகிற இடம், இங்கேதான் வரும். கொடியைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள், அல்லது மஞ்சள் கயிறாக மாற்றிப் பாருங்கள்.

தென்னந்தோப்பு:

அம்மா, கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன், வயது 66. எங்கள் பக்கத்தில் மரு வந்தால் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். சின்ன வயதில் என் கை விரலில் வரிசையாக இருந்தது, அம்மா நேர்ந்துகொண்டார், சில மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. நேர்ந்துகொள்ளுங்கள், குணமாகும். மற்றபடி காரணம் என்னவென்று படித்தவர்கள் சொல்லட்டும்.

நாகைச்செவிலி:

மல்லிகை, முதலில் மகளைக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு இது துண்டிலும் தலையணையிலும் பரவுகிற ஒன்று இல்லை. தோல் பிரிவில் 11 வருடம் செவிலியராக இருந்தேன், இதே பயத்தோடு வந்த பெண்கள் எத்தனையோ பேர்.

பெயரில்தான் பாதிக் குழப்பம். மரு என்று நாம் நாலு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். கை விரல், முழங்கால், பாதத்தில் சொரசொரவென்று கெட்டியாக வருவது ஒரு வைரஸால் வருவது, எச்பிவி என்று பெயர், அது தொட்டால் பரவும். குழந்தைகளுக்கு முத்து மாதிரி பளபளவென்று, நடுவில் குழியோடு, அமுக்கினால் வெள்ளையாக வருகிறதே, நிறைய பேர் பாலுண்ணி என்பது அதைத்தான், அதுவும் வேறொரு வைரஸ், அதுவும் பரவும். நம்மைப் போல் மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களுக்குக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே மிளகு தூவினாற்போல் வருவது மூன்றாவது. நாலாவதுதான் உங்களுடையது: மெத்தென்று, தோல் நிறத்திலோ கொஞ்சம் கருத்தோ, சின்னக் காம்பில் தொங்குவது. மருத்துவத்தில் அக்ரோகார்டன் என்பார்கள். கிரேக்கத்தில் அக்ரோன் என்றால் நுனி, கோர்டே என்றால் நரம்பு, கயிறு. கயிற்று நுனியில் தொங்குவது போல் இருப்பதால் அந்தப் பெயர்.

கட்டி என்று பார்த்தால் இதுவும் தோல் கட்டிதான், ஆனால் சாதுவான கட்டி. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே சாதாரணத் தோல், உள்ளே தளர்வான நார், சின்ன இரத்தக் குழாய்கள், பெரிதாக இருந்தால் கொஞ்சம் கொழுப்பு. அவ்வளவுதான் இருக்கும்.

தென்னந்தோப்பு ஐயா, உங்கள் கை விரலில் வந்தது முதல் வகையாக இருந்திருக்கும். குழந்தைகளுக்கு வருகிற அந்த வைரஸ் மரு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அடையாளம் கண்டு விரட்டிவிடும். நேர்ந்துகொள்வதில் தவறே இல்லை. ஆனால் கழுத்தில் தொங்குகிற இது அப்படித் தானாகப் போவது அபூர்வம். காம்பு முறுக்கிக்கொண்டு இரத்தம் நின்று, கருத்து, உதிர்ந்தால்தான் உண்டு.

மல்லிகை, சில கேள்விகள் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். கழுத்துப் பின்புறம் கருத்து, வெல்வெட் துணி மாதிரித் தடித்திருக்கிறதா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? கர்ப்பமாக இருந்தபோது உங்களுக்குச் சர்க்கரை ஏறியதா? இடுப்பு இந்த இரண்டு வருடத்தில் பெருத்ததா?

மல்லிகைப்பந்தல்:

அக்கா, நாலுக்கும் ஆமாம். கழுத்துப் பின்னால் கருப்பு ஐந்தாறு வருடமாக இருக்கிறது, அழுக்கு என்று நினைத்து எலுமிச்சை, கடலை மாவு, தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறேன், புண்ணானதுதான் மிச்சம். அம்மாவுக்கு 48 வயதில் சுகர் வந்தது. இரண்டாவது பிரசவத்தில் ஏழாம் மாதம் சர்க்கரை ஏறி, சாப்பாட்டில் கட்டுப்படுத்தச் சொன்னார்கள், பிரசவத்துக்கு அப்புறம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அதற்கும் மருவுக்கும் என்ன சம்பந்தம்?

நாகைச்செவிலி:

நிறைய சம்பந்தம் இருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் மூன்று மாத சராசரியும் எடுத்துவிடுங்கள். மற்றதை இரவு பணி முடிந்து வந்து எழுதுகிறேன்.

அளவுகோல்:

ஒரு நிமிடம். பயமுறுத்துவதற்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும். இது உலகத்திலேயே மிகச் சாதாரணமான தோல் கட்டிகளில் ஒன்று. 1987இல் வந்த ஓர் ஆய்வில் 750 பேரைப் பார்த்திருக்கிறார்கள், 46 சதவீதம் பேருக்கு ஒன்றாவது இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேர். வயது ஏற ஏற இது கூடும். சர்க்கரை நோயும் வயது ஏற ஏற கூடும். உடல் பருத்தால் இரண்டும் கூடும். இப்படி இரண்டு விஷயம் ஒன்றாக வருவதால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று ஆகிவிடாது.

சர்க்கரைத் தொடர்பு பற்றி அடிக்கடி சொல்லப்படுகிற ஆய்வும் அதே 1987இல் வந்ததுதான். மரு இருந்த 216 பேரில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இன்னும் 7.9 சதவீதம் பேருக்கு எல்லைக்கோட்டில் இருந்தது. கேட்கப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் திருப்பிப் பாருங்கள், 100க்கு 65 பேருக்கு மேல் ஒன்றுமே இல்லை. அதனால் மரு இருந்தாலே சர்க்கரை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கொங்குத்தறி:

சரியாகச் சொன்னீர்கள். உரசல் என்று எளிமையாக ஒரு காரணம் இருக்கும்போது எதற்கு உடம்புக்குள் போய்த் தேட வேண்டும்?

நாகைச்செவிலி:

அளவுகோல் சொன்ன கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு மரு மட்டும் இருக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் வயதும் பரம்பரையும்தான். ஆனால் கேள்வி கேட்டவர் ஒன்றிரண்டோடு வரவில்லை. 20 மரு, கழுத்துக் கருமை, அம்மாவுக்குச் சர்க்கரை, பிரசவத்தில் சர்க்கரை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேரும்போது வெறும் தற்செயல் என்று விட மனசு வராது. பின்னால் ஈரானில் 2007இல், மரு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம், அதிலும் 30க்கு மேல் மரு உள்ளவர்களுக்கு மிக அதிகம்.

காரணம் இப்படித்தான் வேலை செய்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கணையம் சுரக்கிற இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் காது கொடுக்காமல் போனால், கணையம் இன்னும் இன்னும் சுரக்கும். இரத்தத்தில் சர்க்கரை இன்னும் சரியாகவே இருக்கும், பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, ஆனால் இன்சுலின் மட்டும் வருடக்கணக்கில் மிதமிஞ்சி ஓடிக்கொண்டிருக்கும். இன்சுலினும், உடம்பை வளர்க்கிற ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளும் உருவத்தில் அக்கா தங்கை மாதிரி. அதனால் அளவுக்கு மீறிய இன்சுலின், தோல் செல்களிலும் நார் செல்களிலும் ஐஜிஎஃப்-1க்கு என்று இருக்கிற வாசலிலும் போய் உட்கார்ந்து ‘வளர்’ என்று சொல்லிவிடுகிறது. அது போதாதென்று, ஐஜிஎஃப்-1ஐப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுவதால் அதுவும் அவிழ்ந்து திரிகிறது. கழுத்துத் தோல் தடித்துக் கருப்பதும் இந்த வழியில்தான், மரு முளைப்பதும் இந்த வழியில்தான். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வரும். அந்தக் கருப்பை எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் போகாது, உள்ளே இருந்து வருவது அது.

இதற்கு இன்னொரு பக்கத்தில் இருந்தும் சாட்சி உண்டு. வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்து, கை கால் முகம் எல்லாம் பெரிதாகிற அக்ரோமெகலி என்று ஒரு நோய் இருக்கிறது. அவர்களுக்கு ஐஜிஎஃப்-1 ஏகத்துக்கும் இருக்கும். அவர்களுக்கும் இந்த மரு நிறைய வரும்.

கொங்குத்தறி தம்பி, உரசலைப் பற்றி ஒன்று கேட்கிறேன். தறி ஓட்டுகிற கை தினம் எத்தனை மணி நேரம் உரசும்? அங்கே காய்ப்புதானே வருகிறது? உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த மரு வந்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கண் இமையில் எந்த நகை உரசுகிறது? உரசலும் ஒரு பங்கு செய்கிறது, மடிப்பு விழுகிற இடமாகப் பார்த்து வருவதற்கு அது காரணமாக இருக்கலாம். அது மட்டுமே போதாது என்றுதான் சொல்கிறேன்.

கொங்குத்தறி:

கண் இமை பற்றி நான் யோசிக்கவில்லை அக்கா. என் உள்ளங்கை முழுக்கக் காய்ப்புதான், மரு ஒன்றுகூட இல்லை. நானும் ஒரு பரிசோதனை எடுத்துவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

மதுரைக்காற்று:

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது என்றால் எனக்கு ஏன் வந்தது? 34 வயது, லோடு வண்டி ஓட்டுகிறேன், ஒல்லி, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை பார்க்கிற கணக்கு, 22தான். கழுத்தில் ஒன்பது இருக்கிறது. தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு.

அளவுகோல்:

மதுரைக்காற்று, அந்தக் கடைசி வரியைச் சும்மா விடாதீர்கள். மேலே நான் சந்தேகப்பட்டு எழுதினேன், ஆனால் நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் பிஎம்ஐயை நம்ப முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், இரண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சாக 22.3. அளந்து பார்த்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதிலும் வயிற்றில் சேரும் கொழுப்புதான் இன்சுலினைக் கெடுக்கிறது.

அதனால் எடை பார்க்காதீர்கள், டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை.

மதுரைக்காற்று:

இப்போதே அளந்தேன். 96. இத்தனை நாள் ஒல்லி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடமராட்சியான்:

நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன், சொந்த இடம் பருத்தித்துறை. நீரிழிவை எங்கடை பக்கத்தில் சலரோகம் என்போம், எங்கள் குடும்பத்தில் அது இல்லாத வீடு இல்லை. ஆனால் இந்த இழையில் வைரஸ் என்கிற காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது போல் இருக்கிறது. 1998இல் இந்த மென்மையான மருக்களை எடுத்துச் சோதித்ததில் 88 சதவீதத்தில் எச்பிவி 6, 11 என்கிற வகைகளின் மரபணு கிடைத்தது. 2008இல் இந்தியாவிலும் அப்படி ஒரு ஆய்வு வந்தது, அதிலே கிட்டத்தட்டப் பாதிக்கு இருந்தது. அப்படியென்றால் அத்தை பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கலாம்தானே? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை, எனக்கும் இரண்டு பிள்ளைகள், அதனால் கேட்கிறேன்.

நாகைச்செவிலி:

நியாயமான கேள்வி. அந்த ஆய்வுகள் உண்மைதான், தோல் மருத்துவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். ஆனால் எச்பிவி என்பது நல்ல தோலிலும் சும்மா குடியிருக்கும். ஒரு வீட்டுக்குள் ஒரு ஆளைப் பார்த்தோம் என்பதாலேயே அந்த வீட்டைக் கட்டியது அவர்தான் என்று சொல்லிவிட முடியாது இல்லையா? வைரஸ் மருவை வெட்டிப் பார்த்தால் செல்லிலேயே அதன் தடம் தெரியும், செல் ஊதி, உட்கரு சுருங்கியிருக்கும். இந்தத் தொங்கும் மருவில் வழக்கமாக அந்தத் தடம் இருக்காது. ஒரு ஆய்வில் 88, இன்னொன்றில் பாதி என்று இவ்வளவு வித்தியாசப்படுவதும் யோசிக்க வைக்கிறது. வைரஸ் ஒரு துணைக் கை கொடுக்கலாம். ஆனால் துண்டு வழியாக, கட்டிப்பிடிப்பது வழியாக ஒருவரிடம் இருந்து ஒருவருக்கு இந்த மரு பரவுகிறது என்று மருத்துவத்தில் யாரும் சொல்லவில்லை. குடும்பத்தில் நாலு பேருக்கு இருக்கிறது என்றால் அது பரம்பரையும் ஒரே சாப்பாடும்தான்.

வடமராட்சியான்:

விளங்குது, நன்றி அக்கா. பரம்பரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மிக அரிதாக, பேர்ட்-ஹாக்-டூபே என்று ஒரு பரம்பரை நோய் உண்டு, 1977இல் கனடாவின் மூன்று மருத்துவர்கள் எழுதினது, அவர்கள் பெயரே நோய்க்கும் வந்தது. முகத்திலும் கழுத்திலும் வெள்ளைச் சிறு பருக்கள் நிறைய வரும், கூடவே இந்த மருவும் வரும். நுரையீரலில் காற்றுப் பைகள் வந்து நுரையீரல் சுருங்கிப் போகலாம், சிறுநீரகத்தில் கட்டி வரலாம். எங்கள் குடும்ப மருத்துவர், இங்கே ஒருவருக்கு நுரையீரல் சுருங்கி அவசரப் பிரிவுக்குப் போன பிறகுதான் முகப் பருவைத் திரும்பிப் பார்த்தோம் என்று சொன்னார். குடும்பத்தில் முகப் பருவோடு அப்படி யாருக்காவது நுரையீரலோ சிறுநீரகமோ பாதித்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்ற யாரும் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம்.

தென்னந்தோப்பு:

பயம் என்றதும் என் கதை ஒன்று. பல வருடம் முன்னால் எனக்கு அக்குளில் நிறைய வந்தபோது, இப்படி மரு இருந்தால் பெருங்குடலில் கட்டி இருக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அது உண்மையா பொய்யா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அளவுகோல்:

ஐயா, அந்தப் பேச்சு 1980களில் கிளம்பியது. குடல் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் மருவை எண்ணிப் பார்த்து, தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு வயிற்றுப் பிரச்சினையோடு வந்தவர்கள், பொது மக்கள் இல்லை. பின்னால் பொதுவான ஆட்களிடம் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அக்ரோமெகலி நோயாளிகளுக்கு மட்டும் அது பொருந்தும், அவர்களுக்கு இரண்டுமே அதிகம். உங்களை அத்தனை மாதம் பயத்தில் வைத்தது தவறு.

பிச்சிப்பூ:

எனக்கு முதல் பிரசவத்தில் ஐந்தாம் மாதத்துக்கு மேல் கழுத்திலும் மார்புக்குக் கீழும் வந்தது. பிள்ளை பிறந்த பிறகு பாதி தானாகச் சுருங்கி உதிர்ந்தது. சர்க்கரை அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அதனால் கர்ப்ப ஹார்மோனையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்குப் பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, 22 வயதிலேயே கழுத்துக் கருமையும் மருவும் வந்தது, அவளுக்கு மருத்துவர் இன்சுலின் பிரச்சினை என்றுதான் சொன்னார்.

கரிசல்காடு:

எடுப்பது அப்புறம் என்று சொன்னீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை. என் அக்கா சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துக் கழுத்து மருவில் வைத்தாள். மரு போனது, கூடவே சுற்றி இருந்த தோலும் வெந்துபோனது. மூன்று வாரம் புண், இப்போது அந்த இடத்தில் தடித்த தழும்பு, மருவைவிட அது பெரிதாகத் தெரிகிறது. அம்மான் பச்சரிசிப் பால் வைப்பவர்கள் உண்டு, அது கண்ணில் பட்டால் எரிந்து கண்ணே புண்ணாகும், இமையில் உள்ளதுக்கு வைக்கவே கூடாது. தலைமுடியால் கட்டுவது, நகவெட்டியால் வெட்டுவது எல்லாம் சீழ் பிடிக்க வழி. இணையத்தில் விற்கிற மரு நீக்கும் திரவத்தையும் வாங்காதீர்கள், மச்சத்தையும் இந்தத் தொங்கும் மருவையும் வீட்டிலேயே எடுக்க நாங்கள் எந்த மருந்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

மல்லிகைப்பந்தல்:

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 112. மூன்று மாத சராசரி 6.1. இடுப்பு 94. கையில் தாளை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இது சர்க்கரை நோயா, இல்லையா?

நாகைச்செவிலி:

நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், சராசரி 5.7 முதல் 6.4 வரையும் முன்நிலை. 126ம் 6.5ம் தொட்டால் நோய். நீங்கள் திரும்பி வர முடிகிற இடத்தில் இருக்கிறீர்கள். பிரசவத்தில் சர்க்கரை ஏறியவர்களுக்குப் பின்னால் நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு, அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவையும், அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும் பார்க்கச் சொல்வோம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிற தாயிடம் அதைச் சொல்ல ஆளில்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

அளவுகோல்:

மல்லிகை, சென்னையில் 2005இல் உருவாக்கின ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, ஊசியே வேண்டாம். வயது 35 முதல் 49 என்றால் 20. பெண்ணுக்கு இடுப்பு 90க்கு மேல் என்றால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை என்றால் 30. கூட்டினால் உங்களுக்கு 80, அதில் 60 தொட்டாலே அதிக ஆபத்து. மருவைப் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் மரு இல்லாவிட்டால் நீங்கள் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் 1,13,043 பேரைப் பார்த்துச் சொன்ன கணக்கு: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதைவிட அதிகமாக 13.6 கோடிப் பேர் முன்நிலையில். அந்த 13.6 கோடியில் எத்தனை பேர் இப்போது கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

மல்லிகைப்பந்தல்:

அக்கா, கடைசியாக ஒன்று. என் முதல் கேள்வியில் பாதி இன்னும் இருக்கிறது, புற்றுநோய். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நாகைச்செவிலி:

மன்னிக்கணும், விட்டுப்போயிற்று. இது புற்றாக மாறுகிற கட்டி இல்லை. 1996இல் ஓர் ஆய்வு, மரு என்று நினைத்து வெட்டி அனுப்பின 1,335ஐ ஆய்வகத்தில் பார்த்ததில் ஐந்தே ஐந்தில்தான் தோல் புற்றுநோய் இருந்தது. அதுவும் மரு புற்றாக மாறியது என்று இல்லை, முதலில் இருந்தே அது வேறு, பார்க்க மரு மாதிரி இருந்தது. அதனால் வேகமாக வளர்ந்தாலோ, தானாக இரத்தம் கசிந்தாலோ, ஒன்றிலேயே பல நிறம் தெரிந்தாலோ, காம்பில்லாமல் அடி கெட்டியாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டணும். மற்றதைத் தொந்தரவு செய்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் அப்படியே விடலாம். எடுப்பதென்றால் தோல் மருத்துவர் மரத்துப்போக மருந்து வைத்து நறுக்குவார், அல்லது மின்சூட்டில், அல்லது திரவ நைட்ரஜனில் உறைய வைத்து. இமையில் உள்ளதைக் கண் மருத்துவரோ தோல் மருத்துவரோ மட்டும்தான் தொடணும், பார்லரில் வேண்டவே வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவும் என்று.

மருத்துவர் மாத்திரை தரவில்லை, மூன்று மாதம் பார்ப்போம் என்றார். இரவு இட்லி தோசை இருந்த இடத்தில் காய் அதிகமாகச் சுண்டல், முட்டை, வாரம் இரண்டு நாள் மீன். கம்பெனியில் மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடை, மாலையில் மகளோடு நாற்பது நிமிடம். இடுப்பு 94இல் இருந்து 88. மூன்று மாத சராசரி 5.8. கழுத்துக் கருப்பு பாதி வெளுத்திருக்கிறது, எதுவும் தேய்க்காமலே. இருந்த மரு எதுவும் உதிரவில்லை, அது உதிராது என்று அக்கா முன்னமே சொல்லிவிட்டார், ஆனால் புதிதாக ஒன்றும் வரவில்லை. கழுத்தில் கொடியில் மாட்டுகிற நாலை மட்டும் தோல் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டேன், இமையில் உள்ளதை அடுத்த மாதம்.

இந்த இழையை அத்தைக்கு உட்கார வைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தன் ரவிக்கைக் கழுத்தை விலக்கி, எனக்கும் இருக்கிறது பார் என்று காட்டினார். எண்ணினேன், 31. மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தோம், வெறும் வயிற்றில் 168. இத்தனை வருடம் அவருக்கே தெரியாது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மாலை நடைக்கு எங்களோடு வருகிறார். துண்டெல்லாம் ஒரே கொடியில்தான் காய்கிறது.

கொங்குத்தறி:

எனக்கு 5.5. தப்பித்தேன் என்று விடவில்லை, அடுத்த வருடமும் பார்ப்பேன். மதுரைக்காற்று, உங்கள் முடிவு என்ன ஆயிற்று? நீங்கள் இன்னும் எழுதவே இல்லையே.